பதினைந்தாம் நம்பர் காலர்

கழுத்துவலி என்று யாராவது என்னிடம் வந்தால் நான் முதலில் அவர்கள் சட்டையைத்தான் பார்ப்பேன். தைலம் தேய்த்தீர்களா, தலையணையை மாற்றினீர்களா என்பதையெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, காலருக்கும் தொண்டைக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் உங்களுக்கு வேறு வைத்தியம். நுழையவில்லை என்றால் இதை முழுதும் படியுங்கள். ஆஸ்பத்திரியில் கிடந்து நான் கற்றுக்கொண்ட பாடம் இது. என்னப்பன் சிவன் தயவில் எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். புண்ணியத்துக்காக மட்டும் எழுதுகிறேன் என்று சொல்லமாட்டேன். ஒருவர் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

அந்த ஒருவர் எங்கள் ஜவுளிக்கடை மேனேஜர். அவர் பெயர் இந்தத் தாளில் ஏற நான் விடமாட்டேன். மேனேஜர் என்றே எழுதுகிறேன்.

திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய கடை. ரெடிமேட் சட்டைப் பிரிவில் எனக்கு வேலை. வாடிக்கையாளர் படி ஏறும்போதே கழுத்தைப் பார்த்து நம்பர் சொல்லிவிடுவேன். காலர் நம்பர் என்பது வேறொன்றுமில்லை, கழுத்தின் சுற்றளவு எத்தனை அங்குலம் என்ற கணக்குத்தான். என் கழுத்து பதினாறரை. என் உயரத்துக்கு அது அதிகம். அதற்குக் காரணம் உண்டு. ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் சுவாமி தூக்குகிறவர்களில் நானும் ஒருவன். திருவிழாவில் சுவாமி சப்பரத்தில் எழுந்தருளும்போது வலப்பக்கத் தண்டில் முன்னாலிருந்து இரண்டாவது இடம் எனக்கு. தண்டு அழுத்தி அழுத்தி, தோளும் கழுத்தும் சேருகிற இடத்தில் காய்த்துப்போய் ஒரு மேடு இருக்கும். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அது உண்டு. அதைத் தடவிப் பார்த்துக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை. மற்றபடி எனக்குப் பெருமைப்பட ஏதும் கிடையாது. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி.

மேனேஜர் மெட்ராஸிலிருந்து வந்தவர். நெட்டையான ஆள். வந்த கொஞ்ச நாளிலேயே எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை, கழுத்தில் டை என்று சட்டம் போட்டார். கிரீம் கலர் டெர்ரிகாட்டன் சட்டை மொத்தமாக ஒரு கட்டு வந்து இறங்கியது. எனக்குக் கிடைத்தது பதினைந்தாம் நம்பர். காலருக்குள் விறைப்பான கேன்வாஸ், முனைகளில் பிளாஸ்டிக் பட்டை.

"சார், இது எனக்குக் காணாது. அதே துணியில நானே தச்சுப் போட்டுக்கிடுதேன்" என்றேன்.

"எல்லாரும் ஒரே கட்டு, ஒரே சட்டை. உனக்கு மட்டும் தனியா?"

"கழுத்து பிடிக்குது சார்."

அவர் என் கழுத்தைப் பார்த்தார். பிறகு மற்ற பையன்களைப் பார்த்துச் சொன்னார்: "சட்டை சரியாத்தான் இருக்கு. உன் கழுத்துதான் தப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். சட்டை விற்கிற எனக்கே அந்தச் சொல். தினமும் காலையில் எங்களை வரிசையாக நிறுத்துவார். நான் மேல் பட்டனைப் போடாமல் டையால் மறைத்துக்கொண்டு நிற்பேன். அவர் டையை விலக்கிப் பார்த்துத் தன் கையாலேயே பட்டனைப் பூட்டி, முடிச்சை மேலே ஏற்றுவார். "நிமிர்ந்து நில்லு. கழுத்து வளையக் கூடாது" என்பார்.

முதலில் பின்கழுத்தில் வலி வந்தது. காலர் தடுப்பதால் தலையைத் திருப்பாமல் உடம்பையே திருப்பிப் பழகிவிட்டேன். பிறகு வலி பிடரிக்கு ஏறியது. சாயங்காலத்தில் வலக்கை விரல்கள் மரமரத்தன. தீபாவளி வியாபார நேரத்தில் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுக்க அண்ணாந்து இடப்பக்கம் திரும்பினேன். கண் இருட்டியது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது பாளையங்கோட்டையில் பெரியாஸ்பத்திரி. என் மனைவி கோமதி தலைமாட்டில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. திருநீற்றை என் நெற்றியில் அப்பிக்கொண்டே, "ஏங்க, உங்களுக்கு வலிப்பு வந்து வாயில நுர தள்ளிச்சாமே. மேனேஜர் டாக்டருகிட்ட சொல்லுதாரு" என்றாள்.

நுரை ஏதும் தள்ளவில்லை. என்னைத் தாங்கிப் பிடித்த கடைப்பையன் அதைப் பின்னால் சத்தியம் பண்ணிச் சொன்னான். நிற்க வைத்தே ஆளை விழத்தாட்டினார்கள் என்று கடைக்குப் பேர் வரக் கூடாது, அதுவும் தன் சட்டத்தால் என்று முதலாளி காதுக்குப் போகக் கூடாது. அதற்காக மனுஷர் ஒரு பொய்யை டாக்டரிடமே சொல்லிவிட்டுப் போய்விட்டார். விழுந்ததைப் பார்த்தவர் சொல்வதை வைத்துத்தான் வைத்தியம். டாக்டர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? வலிப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தின்றால் நாக்குத் தடித்து, பகலெல்லாம் தூக்கம்.

சோதனைகள் நடந்தன. இதயத் துடிப்பைத் தாளில் கோடாகப் போடுகிற ஈசிஜி சரியாக இருந்தது. கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். வயசுக்குத் தக்க எலும்புத் தேய்மானம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் ஓட்டத்தைப் பார்க்கிற சோதனையை வெளியே எடுத்துவரச் சொன்னார்கள். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. செலவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கோமதியின் கைகள் மூளியாக இருந்ததை வார்டில் எல்லாரும் பார்த்தார்கள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த நீள பெஞ்சில் காத்திருந்தபோதுகூட அவள் தன் தோளை என் தலைக்குக் கொடுத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தாள். அவளுக்கும் அந்தத் தோள் வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்ள மாட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் குலசேகரன்பட்டினத்துப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர் சூசை. படகு சரிந்து கால் ஒடிந்து, தொடைவரை மாவுக்கட்டு. அவர் ஜெபமாலை உருட்டுவார், நான் ஐந்தெழுத்துச் சொல்லுவேன். ஒருநாள் கேட்டார்.

"என்னவே ஆறுமுகம், மந்திரத்துக்கு நடுவுல யாரையோ வையுத மாதிரி கேக்கு?"

"மேனேஜருக்குக் கழுத்து சுளுக்கணும்னு சேத்துச் சொல்லுதேன்."

"உம்ம சாமி அதையெல்லாம் கேப்பாரா?"

"கேக்குதாரோ இல்லியோ, சொல்லாம இருக்க முடியல."

"சொல்லும் வே. எனக்கும் ஒரு சம்மாட்டி இருக்கான், படகு மொதலாளி, அவனையும் சேத்துக்கிடும். ஓட்டப் படகைக் குடுத்த பய" என்று சிரித்தார்.

சிரிப்புக்குள்ளே எனக்கு ஒரு பயம் அறுத்துக்கொண்டே இருந்தது. வலிப்புக்காரன் சுவாமி தூக்கக் கூடாது. நான் விழுந்தால் நான் மட்டுமா விழுவேன்? தண்டு சரிந்தால் சுவாமி சரிவார். திருவிழா வருவதற்குள் இந்தப் பேர் நீங்காவிட்டால் இரண்டாவது இடம் வேறொருவனுக்குப் போய்விடும். போனால் திரும்பாது. வேலை போனால்கூட அப்பளக் கம்பெனியில் மூட்டை சுமந்து பிழைத்துக்கொள்வேன். அந்த இடம் போனால் நான் யார்?

ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் எனக்கு மயக்கமே வரவில்லை. கழுத்துவலியும் மெல்ல இறங்கியது. மாத்திரை கேட்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். நான் பனியனோடும் துண்டோடும் கிடந்தேன் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, நேராகக் கடைக்கு வந்து முதலாளியைப் பார்த்துவிட்டுப் போகும்படி, கடை உடுப்போடு வரும்படி மேனேஜர் சொல்லியனுப்பினார். கோமதி அந்தச் சட்டையைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் நல்ல மனசோடு செய்தது. பட்டனைப் பூட்டி டையை ஏற்றிக்கொண்டு சூசையிடம் சொல்லிக்கொள்ள இடப்பக்கம் திரும்பினேன்.

"வாரேன் சூசை அண்..."

விழுந்துவிட்டேன்.

அந்த நேரம் வார்டுக்குள் இருந்த சின்ன டாக்டரம்மா ஓடி வந்து நாடியைப் பிடித்திருக்கிறார். துடிப்பு எங்கேயோ ஒன்று, எங்கேயோ ஒன்று என்று வந்ததாம். டையைத் தளர்த்தி பட்டனை அறுத்ததும் நாடி மளமளவென்று ஓடத் தொடங்கியதாம். சூசை பின்னால் இதை ஊருக்கெல்லாம் நடித்துக் காட்டுவார்.

நான் கண் விழித்ததும் டாக்டரம்மா கேட்ட கேள்வி இது: "முதல் தடவை விழுந்தப்பவும் இந்தச் சட்டைதான் போட்டிருந்தீங்களா?"

அந்தக் கேள்வியில் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் பெரிய டாக்டர் முன்னால் என்னைப் படுக்க வைத்து, ஈசிஜி ஒயரை மாட்டி, தாடைக்குக் கீழே கழுத்தின் ஓரத்தில் விரலால் லேசாக அழுத்தினார்கள். தாளில் ஏறி இறங்கி ஓடிய கோடு அப்படியே நேர்க்கோடாய்ப் போய், பிறகு தயங்கித் தயங்கித் துடித்தது. டாக்டரம்மா அதைக் கிழித்து என்னிடமே காட்டி விளக்கினார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் கழுத்தில் இரண்டாகப் பிரிகிற இடத்தில் காவல்காரன் மாதிரி ஒரு நரம்பு இருக்கிறது. அந்த இடத்துக்குக் கரோட்டிட் சைனஸ் என்று பேர். ரத்த அழுத்தம் கூடினால் அது இதயத்திடம் 'பைய, பைய' என்று சொல்லும். சிலருக்கு அந்தக் காவல்காரன் ரொம்பக் கூச்சக்காரன். வெளியே இருந்து காலர் அழுத்தினாலே அழுத்தம் கூடிவிட்டது என்று ஏமாந்து இதயத்தை நிறுத்தப் பார்ப்பான். மூளைக்கு ரத்தம் குறையும், ஆள் விழுவான்.

"வலிப்பு?" என்றேன்.

"கிடையவே கிடையாது. அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாம். கழுத்தைத் திருப்பாம விறைச்சுப் பிடிச்சதுல தசை இறுகி வந்ததுதான் வலியும் மரமரப்பும்."

"சாமி தூக்கலாமா தாயி?"

அவர் என் தோள் மேட்டைத் தொட்டுப் பார்த்தார். "தண்டு தோள்லதானே இருக்கும்? கழுத்து முன்பக்கம் எதுவும் அழுத்தக் கூடாது. துண்டைக்கூட இறுக்கிச் சுத்தாதீங்க. வலி முழுசா போகட்டும். திருவிழாவுக்கு முன்னால என்கிட்ட வந்து காட்டிட்டுப் போங்க."

கோமதி அந்தச் சட்டையை எடுத்துச் சுருட்டி வார்டு ஜன்னல் வழியாக வீசப் போனாள். நான் தடுத்துவிட்டேன். இன்றைக்கும் அது என் வீட்டில் இருக்கிறது. பார்க்கப் பார்க்க ஆத்திரம் ஆறாமல் இருக்கும்.

கழுத்துவலிக்காரர்களுக்கு இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். சட்டை வாங்கும்போது நின்றபடி மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். உட்கார்ந்து பாருங்கள், தரையைப் பாருங்கள், இரண்டு பக்கமும் தலையைத் திருப்புங்கள். காலர் கூடவே திரும்பினால் அது உங்கள் சட்டை இல்லை. பருத்தி என்றால் அரை நம்பர் கூட்டி வாங்குங்கள், துவைத்தால் சுருங்கும். பிளாஸ்டிக் பட்டையை உருவி எறியுங்கள். தைக்கக் கொடுத்தால் காலருக்கு விறைப்பு வேண்டாம் என்று தையல்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்பக்கம் காலர் உயரம் பிடரி முடியைத் தொடக் கூடாது. இதையெல்லாம் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், கழுத்து உங்களுடையது.

டாக்டர் சொன்னதை வைத்து முதலாளி எனக்குத் தனிச் சட்டைக்கு அனுமதி கொடுத்தார். மேனேஜர் அதற்குப் பழிவாங்கினார். "வலிப்புக்காரனைக் கவுண்டர்ல நிறுத்தினா கஸ்டமர் பயப்படுவாங்க" என்று என்னைக் குடோனுக்குள் தள்ளினார். ஆஸ்பத்திரியில் இல்லை என்று சொன்ன பிறகும் அவர் வாயில் நான் வலிப்புக்காரன்தான். முதலாளிக்குச் சொந்த ஊர் எங்கள் ஊர். திருவிழாவில் ஆறாம் நாள் மண்டகப்படி, அதாவது அன்றைய செலவும் உபசாரமும், அவர் குடும்பத்துக்கு. அந்த ஏற்பாடு பேச ஊருக்கு வரப்போக இருந்த மேனேஜர் கோயில் தர்மகர்த்தா காதிலும் போட்டுவிட்டார். "இந்த வருஷம் நீ ஒதுங்கி நில்லுப்பா, எதுக்கு வம்பு" என்று தர்மகர்த்தா சொல்லிவிட்டார். டாக்டரம்மாவிடம் போய்க் காட்டி, சரி என்று சொல்ல வைத்து வந்திருந்தேன். யார் கேட்டார்கள்? ஐந்து நாளும் கூட்டத்தோடு நின்று கும்பிட்டேன். என் இடத்தில் ஆள் மாற்றி ஆள் நிறுத்தினார்கள்.

ஆறாம் நாள் சாயங்காலம். முதலாளி வீட்டு வாசலில் தீபாராதனை முடிந்து சப்பரம் புறப்பட வேண்டும். முதலாளி வெறும் உடம்போடு, தலையில் பரிவட்டம் கட்டி நின்றார். மேனேஜர் மட்டும் முழுக்கைச் சட்டை, டையோடு ஏவிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களுக்குத் தலைவர் பிச்சையா அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரம்மா வாயாலேயே எல்லாம் கேட்டுப் போனவர். அவர் கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"ஏலே ஆறுமுகம், அங்கன என்ன நிக்கே? உன் எடம் காலியா கெடக்கு. வாலே!"

தர்மகர்த்தா வாய் திறப்பதற்குள் நான் தண்டுக்குக் கீழே போய்விட்டேன். நாலாக மடித்த துண்டைத் தோளில் வைத்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு மேனேஜர் வந்தார். "அந்த ஆளை வெளியே எடுங்க. வலிப்புக்காரன்! சாமியோட சாய்ச்சிருவான்." சொன்னதோடு நிற்கவில்லை. என் கையைப் பிடித்துத் தண்டுக்கு வெளியே இழுத்துவிட்டார்.

மேளம் நின்றுவிட்டது. பிச்சையா அண்ணாச்சி நிதானமாக அவரைப் பார்த்தார்.

"இழுத்துட்டீரே."

"இழுத்தா என்னய்யா?"

"தண்டுலேருந்து ஒருத்தன எடுத்தவரு அந்த எடத்துல தோள் குடுக்கணும். கொறத் தோளோட சாமி பொறப்படாது. எங்க வழக்கம் இது."

"நானா?" என்று மேனேஜர் சிரித்தார். மற்றவர் யாரும் சிரிக்கவில்லை. திரும்பி முதலாளியைப் பார்த்தார்.

முதலாளி கூப்பிய கையை இறக்காமலே சொன்னார். "வழக்கம் அப்படித்தான். சட்டையைக் கழத்தும்."

டை முடிச்சு அவசரத்தில் இறுகிக்கொண்டது. அவர் அதோடு மல்லுக்கட்டினதை ஊரே பார்த்தது. கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

உயரம் பார்த்துத்தான் தண்டுக்கு ஆள் நிறுத்துவோம். நெட்டை ஆள் நடுவே வந்தால் பாரம் முழுக்க அவன் தோளுக்கு வரும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நடந்தால் தப்பிக்கலாம். அவருக்கு அது தெரியாது. தோளில் மடித்த துண்டு வைக்க வேண்டும் என்பது மட்டும் மற்றவர்களைப் பார்த்துப் புரிந்தது. என் துண்டைப் பார்த்தார். சுவாமி முன்னால் துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும். எடுத்து இடுப்பில் பக்தியோடு கட்டிக்கொண்டேன்.

சுவாமி எழுந்தார். மேனேஜர் முகம் கோணியது. வீதி நெடுக நான் அவர் பக்கத்திலேயே நடந்தேன்.

"நிமிர்ந்து நடங்க சார். கழுத்து வளையக் கூடாது."

"மாத்து... யாராவது மாத்துங்கப்பா" என்று அவர் முனகினார்.

"மூலை திரும்பினாத்தான் மாத்து" என்று முன்னாலிருந்து அண்ணாச்சி குரல் வந்தது. "பைய வாரும். வீதி கொஞ்சந்தான்."

மூலை திரும்பியதும் நான் உள்ளே போனேன். அவர் வெளியே வந்து ஒரு திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் தோளில் தண்டு உட்கார்ந்தபோது சுவாமி ஒரு தடவை அசைந்து நிலைக்கு வந்தார். மற்ற வீதிகளெல்லாம் சுற்றி, கோயில் வாசலில் இறக்கும்வரை என் கால் ஒரு இடத்திலும் இடறவில்லை. தர்மகர்த்தாவே வந்து திருநீறு பூசி, சுவாமி மேலிருந்த மாலையை எடுத்து எனக்குப் போட்டார். யாரும் அதற்கப்புறம் வலிப்பு என்ற பேச்சு எடுக்கவில்லை. சுவாமி மன்னிக்கச் சொல்லியிருப்பார் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். என்னிடம் சுவாமி அப்படிச் சொல்லவில்லை. மேனேஜர் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தின் ஓரத்தில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றார். சூசையிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், சாமி கேட்டுவிட்டார் என்று.

சில நாள் அவர் கடைக்கு வரவில்லை. வந்தபோது தலை இடப்பக்கம் சாய்ந்தே இருந்தது. டை இல்லை. மேல் பட்டன் திறந்து கிடந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டுக் கணக்கு நோட்டைத் திருப்பினார். மறுநாளிலிருந்து எங்களில் ஒருவரும் டை கட்டவில்லை, மேல் பட்டன் போடவில்லை. காலை வரிசை தானாக நின்றுபோயிற்று. முதலாளி என்னைக் குடோனிலிருந்து கவுண்டருக்குத் திருப்பியனுப்பினார்.

அந்த வாரமே மேனேஜர் என் கவுண்டருக்கு வந்தார். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"ஆறுமுகம், முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு சட்டை வேணும். காலர் கொஞ்சம் தாராளமா. கழுத்துல எதுவும் பட முடியல."

டேப்பை எடுத்தேன். அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டேன். அளவு எடுக்கும்போது டேப்புக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் விட வேண்டும். வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் நான் அப்படித்தான் எடுப்பேன்.

ஒரு விரல் மட்டும் விட்டேன்.

"பிடிக்கிற மாதிரி இருக்கேப்பா" என்றார்.

"சட்டை சரியாத்தான் சார் இருக்கும்" என்றேன்.